ஹாமாவும் கூகையும்

சகுனம் பார்ப்பதை மறுக்கும் நபிமொழி ஒன்று, ஹதீஸ் பாடத்தில் ஆண்டுதோறும் மாணவர்களின் முன் வருகிறது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பாக அது இடம்பெற்றுள்ளது. அறியாமைக் காலத்து அரபியர் கொண்டிருந்த நம்பிக்கைகள் சிலவற்றை அண்ணலார் (ஸல்) அவர்கள் அதில் பெயர் சொல்லி மறுக்கின்றார்கள். அவற்றுள் ஒன்று 'ஹாமா'. அகராதியைப் புரட்டும் மாணவர், தலை, மண்டையோடு, ஆந்தை என்று பொருள் எழுதி வைத்துக்கொண்டு, "ஹஜ்ரத், ஆந்தையே இல்லை என்றா நபியவர்கள் சொன்னார்கள்? நம் பள்ளிவாசல் மனாராவிலேயே இரண்டு இருக்கின்றனவே!" என்று கேட்பார். கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். விடை தேடப் புகுந்தால் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கும்.

ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில் இச்சொல்லுக்கு இரு விளக்கங்கள் தருகின்றார்கள். முதலாவது, இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் பெயரால் வருவது: ஆந்தை ஒருவரின் வீட்டின்மீது வந்தமர்ந்தால் அவருக்கோ அவர் குடும்பத்தாருள் ஒருவருக்கோ சாவு நேரும் என்று அரபியர் அஞ்சினர். இரண்டாவது, இறந்தவரின் எலும்புகள் அல்லது அவருடைய உயிர் பறவையாக மாறிப் பறக்கும் என்று எண்ணினர். கொலையுண்டவனுக்காகப் பழி வாங்கப்படும்வரை, அவன் தலையினின்று வெளிப்பட்ட ஹாமா அவனுடைய கல்லறைமீது அமர்ந்து, தன் தாகம் தீர்க்கும்படி கத்திக்கொண்டே இருக்கும் என்பது இதன் கிளைக்கதை. இரத்தப் பழி தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த சமூகத்தில் இக்கதைக்கு என்ன வேலை இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

முதல் விளக்கத்தைப் படிக்கும் தமிழருக்கு வியப்பு எழாது. நம் ஊர்களில் இதே பறவைக்குச் 'சாக்குருவி' என்று பெயர். கூரையில் அமர்ந்து கத்தினால் வீட்டில் பிணம் விழும் என்று சொல்லிக் கல்லெறிந்து விரட்டுவது இன்றும் நடக்கிறது. அந்நபிமொழியைக் கேட்டுப் பழகிய வீடுகளிலும் நடக்கிறது. கல்லெறியைவிடக் கொடியது வேறொன்று. இந்தியாவில் ஆந்தைகளைப் பிடித்து விற்கும் கள்ள வணிகத்தைப் பற்றிப் பறவை ஆய்வாளர் அப்ரார் அஹ்மத் எழுதிய அறிக்கையை 'டிராஃபிக்' என்னும் அமைப்பு 2010இல் வெளியிட்டது. நாட்டில் அப்போது அறியப்பட்டிருந்த 30 வகை ஆந்தைகளுள் 15 வகைகள் உயிருடன் சந்தைக்கு வந்ததை அவர் கண்டறிந்தார். வாங்குவோருள் பெரும் பங்கினர் மாந்திரீகத்திற்காக வாங்குவோர். தீபாவளியை ஒட்டிய நாட்களில் இவ்வணிகம் மிகும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம் என்றாலும், அச்சத்தில் முளைத்த வணிகம் சட்டத்திற்கு எளிதில் கட்டுப்படுவதில்லை.

நபிமொழி மறுத்தது அந்த நம்பிக்கையை. பறவையோ கூரைமேல் அப்படியே அமர்ந்திருக்கிறது. அங்கே அது என்ன செய்கிறது என்பதை அறிந்துகொண்டால்தான் அச்சம் விட்டுப்போகும்.

நம் வீடுகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் கோயில் கோபுரங்களுக்கும் நெருங்கி வாழ்வது கூகை. ஆந்தை அலறும், கூகை குழறும் என்று ஒலி மரபிலேயே தமிழர் இரண்டையும் பிரித்தனர். நெஞ்சும் வயிறும் வெண்மை. முதுகு பொன்னும் சாம்பலும் கலந்த நிறம். முகம் நெஞ்சுக்கனி வடிவில் வெண்ணிறத் தட்டு. அரைக் கிலோவை எட்டாத எடைதான். சிறகை விரித்தாலோ ஏறக்குறைய மூன்றடி. அண்டார்க்டிகா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் இதன் இனத்தவை வாழ்கின்றன. மரப்பொந்தும் பாறையிடுக்கும் இதற்கு இயற்கை வீடுகள். பாழடைந்த கட்டடமும் பயன்பாட்டில் இல்லாத மாடமும் கிணற்றுச் சுவரின் பொந்தும் அவற்றிற்கு மாற்று. பாழ் மனைகளையும் கல்லறைகளையும் ஆந்தை நாடுகிறது என்ற பழிக்கு வேர் இதுவே. மனித நடமாட்டம் குறைந்த, பொந்துள்ள, எலி திரியும் இடம் அதற்கு வேண்டும். அத்தகைய இடங்களை நாம்தான் கட்டிக் கைவிட்டிருக்கிறோம்.

அரபு அறிஞர்கள் இப்பறவையைக் கூர்ந்து நோக்காதவர்கள் அல்லர். ஹிஜ்ரி 255இல் (கி.பி. 868) பஸ்ராவில் மறைந்த அல்ஜாஹிழ், விலங்குகளைப் பற்றிய தம் பெருநூலில், காக்கைக்கும் ஆந்தைக்குமான பகையைக் குறித்துள்ளார். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே இப்னுல் முகஃப்பஃ அரபியில் ஆக்கிய 'கலீலா வ திம்னா'வில் ஆந்தைகளும் காக்கைகளும் போரிடும் கதை தனி இயலாக உள்ளது. அதன் மூலம் நம் பஞ்சதந்திரம். பகலில் காக்கை கூகையை வெல்லும் என்பதைத் திருவள்ளுவர் காலமறிதலுக்கு உவமையாக்கினார். பஸ்ராவிலும் தமிழகத்திலும் ஒரே காட்சியைக் கண்டிருக்கின்றனர்: பகலில் வெளியே அகப்பட்ட ஆந்தையைக் காக்கைகள் சூழ்ந்து கரைந்து விரட்டுகின்றன, அது திருப்பித் தாக்காமல் விலகிப் போகிறது. இதனால் ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது என்ற முடிவுக்குப் பலர் வந்தனர். அது சரியன்று. பகலிலும் ஆந்தைக்கு நன்றாகவே தெரியும். இரவில் தங்களைக் கொல்லக்கூடியதைப் பகலில் இனங்கண்டு ஒன்றுகூடி விரட்டுவது சிறு பறவைகளும் கையாளும் தற்காப்பு முறை. இத்தனை பேர் கூவித் தன் இருப்பிடத்தைப் பறைசாற்றும்போது வேட்டையாட இயலாதாகையால் ஆந்தை இடம்பெயர்கிறது.

மாணவர் சொன்ன அந்த மனாரா காவிரிப் படுகையின் சிற்றூர் ஒன்றில் உள்ளது. ஒலிபெருக்கி வந்தபின் மேலேறிப் பாங்கு சொல்வார் இல்லை. மேல்மாடத்துச் சாளரம் கூகைகளுக்கு வாசலாயிற்று. சில ஆண்டுகளாக மாணவர்கள் சிலருடன் நான் அவற்றைக் கவனித்து வருகிறேன். மஃரிப் தொழுகையின் சுன்னத்துகளையும் முடித்துவிட்டு வெளியே வந்து தெற்குச் சுவரோரம் அமர்ந்தால் நேரம் சரியாக இருக்கும். வானில் கடைசி வெளிச்சம் மங்கும்போது சாளரத்தில் வெள்ளையாக ஒரு முகம் தோன்றும். சற்று நேரம் அசையாது நிற்கும். தலையை மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். பிறகு விழுவதுபோல் சரிந்து, தரைக்கு ஓராள் உயரத்தில் நிமிர்ந்து, நம் தலைக்கு மேலேயே வயலுக்குச் செல்லும். ஒரு முறை ஆறேழு முழ உயரத்தில் என்னைக் கடந்து சென்றது. கண்ணால் பார்த்திராவிட்டால் அது சென்றதே எனக்குத் தெரிந்திராது. புறா அதே தொலைவில் பறந்தால் சிறகடிப்பது படபடவென்று கேட்கும்.

அந்த அமைதிக்குக் காரணம் என்ன? ஆங்கிலேய விமானப் பொறியியல் ஏடு ஒன்றில் 1934இல் கிரஹாம் என்பவர் எழுதிய கட்டுரை மூன்று அமைப்புகளைச் சுட்டிக்காட்டிற்று. சிறகின் முன்னோரத்தில், வெளிப்புற இறகில், சீப்பின் பற்களைப் போன்ற நுண்ணிய வரிசை உண்டு. பாய்ந்து வரும் காற்று அதனால் சிறு சிறு இழைகளாகப் பிரிகிறது. பின்னோரத்தில் இறகு கூர்மையாக முடியாமல் குஞ்சம்போல் கலைந்து முடிகிறது. சிறகின் மேலும் கீழும் வரும் காற்றோட்டங்கள் அங்கே சந்திக்கும்போது எழும் ஓசை அதனால் தணிகிறது. இறகின் மேற்பரப்பில் வெல்வெட்டுத் துணிபோல் மென்மயிர் படர்ந்திருப்பதால் இறகோடு இறகு உரசும் சத்தமும் இல்லை. இவற்றோடு, உடலின் எடைக்குச் சிறகின் பரப்பு மிகப் பெரிது. ஆகவே கூகை வேகமாகச் சிறகடிக்க வேண்டியதில்லை. வயலின்மேல் மெதுவாக மிதந்து செல்லலாம், வேண்டுமிடத்தில் அந்தரத்தில் நின்றும் பார்க்கலாம்.

ஓசை முற்றிலும் இல்லாமற் போவதில்லை. எஞ்சியிருப்பது தாழ்ந்த சுருதி ஓசை. எலியின் செவியோ உயர்ந்த சுருதிகளுக்கே கூர்மையானது. அதனால் எலிக்குக் கேட்பதில்லை. தன் சிறகோசை தன் செவியையே மறைத்துவிடாமல் இருப்பதற்காகத்தான் இவ்வமைப்பு என்போரும் உளர். இரண்டுள் எது முதன்மை என்று அறிஞரிடையே இன்னும் வாதம் நடக்கிறது. பறக்கும்போதே எலியின் அசைவைக் கேட்க வேண்டிய பறவைக்கு இரண்டுமே வேண்டும் என்பது என் எண்ணம். மீனைப் பிடித்துத் தின்னும் ஆந்தை வகைகளில் இந்தச் சீப்பும் குஞ்சமும் பெரும்பாலும் இல்லை. நீருக்குள் இருக்கும் மீனுக்குச் சிறகோசை கேட்கப் போவதில்லையாகையால் அவற்றிற்கு அவை தேவைப்படவில்லை. இந்த மென்மைக்குக் கூகை கொடுக்கும் விலையும் உண்டு: அதன் இறகு எளிதில் நனையும். அடைமழை இரவுகளில் அது வேட்டைக்கு வருவது அரிது. மழை விடாது பெய்தால் குஞ்சுகள் பட்டினி கிடக்கும். ஜப்பானியப் பொறியாளர் எய்ஜி நகாட்சு பறவை நோக்குவதில் ஈடுபாடு உடையவர். அதிவேக ரயிலின் கூரையில் மின்கம்பியைத் தொடும் அமைப்பு எழுப்பிய இரைச்சலைக் குறைக்க ஆந்தையின் இறகிலிருந்து பாடம் கற்றார். 1997இல் ஓடத் தொடங்கிய அவ்வகை ரயிலில் அது இடம்பெற்றது.

இனி அந்த முகம். மனித முகம்போல் தட்டையாக, இரு கண்களும் முன்நோக்கி இருப்பதால்தான் அது அச்சம் தருகிறது. உண்மையில் அதைச் செவியின் ஓர் உறுப்பு என்று சொல்வதே பொருந்தும். முகத்தட்டின் விளிம்பில் விறைப்பான இறகுகள் நெருக்கமாக அமைந்து, நாம் காதருகே கையைக் குவிப்பதுபோல், ஒலியைத் திரட்டி உள்ளே அனுப்புகின்றன. செவித்துளைகள் கண்களுக்குப் பக்கத்தில் இறகுகளுக்கு அடியில் மறைந்துள்ளன. கொம்பன் ஆந்தையின் தலைமேல் காதுபோல் நீட்டிக்கொண்டிருப்பவை வெறும் இறகுக் கொத்துகள். கேட்டலுக்கும் அவற்றிற்கும் தொடர்பில்லை. வியப்பு என்னவெனில், கூகையின் இரு செவிகளும் ஒரே உயரத்தில் இல்லை. இடச்செவி சற்று மேலே அமைந்து கீழ்நோக்கியும், வலச்செவி சற்றுக் கீழே அமைந்து மேல்நோக்கியும் திறந்துள்ளன. இந்தக் கோணல்தான் அதன் வேட்டையின் அடிப்படை.

அமெரிக்க அறிஞர் ராஜர் பெய்ன், பின்னாளில் திமிங்கிலங்களின் பாடலை உலகறியச் செய்தவர், இளமையில் கூகைகளை ஆராய்ந்தார். வெளிச்சம் சிறிதும் புகாத அறை. தரையில் உலர்ந்த சருகு. அதன்மேல் ஓர் எலியை விட்டார். சருகு சலசலத்ததும் மேடையில் இருந்த கூகை இருளிலேயே பாய்ந்து எலியைப் பற்றியது. உடற்சூட்டை உணர்கிறதோ, மோப்பம் பிடிக்கிறதோ என்ற ஐயம் எழுமல்லவா? காகிதச் சுருள் ஒன்றை நூலில் கட்டிச் சருகின்மேல் இழுத்தபோது கூகை காகிதத்தின்மேல் பாய்ந்தது. காகிதத்திற்குச் சூடும் இல்லை, எலியின் மணமும் இல்லை. ஒரு செவியைப் பஞ்சால் அடைத்தால் குறி தவறியது. ஒலி ஒன்றே வழிகாட்டி என்பது அவர் 1971இல் வெளியிட்ட கட்டுரையால் உறுதியாயிற்று.

அதற்குமேல் நுட்பம் அறிய உதவியவர்கள் மசகாஸு கொனிஷியும் எரிக் நூட்சனும். கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் அவர்கள் கண்டறிந்தது இது. வலப்பக்கத்தில் எழும் ஒலி வலச்செவியைச் சற்று முன்னும் இடச்செவியைச் சற்றுப் பின்னும் அடைகிறது. அந்த இடைவெளி நொடியின் பத்தாயிரத்தில் இரண்டு பங்குக்கு மேற்படாது. கூகையின் மூளை அதனையும் அளந்து, ஒலி வலமா இடமா, எவ்வளவு வலம் என்று தீர்மானிக்கிறது. மேலா கீழா என்பதற்குக் கோணல் செவிகள் உதவுகின்றன: கீழிருந்து வரும் ஒலி இடச்செவியில் உரக்கவும், மேலிருந்து வருவது வலச்செவியில் உரக்கவும் கேட்கும். இவ்விரு கணக்குகளும் ஒன்றுசேரும் இடம் கூகையின் நடுமூளையில் இருப்பதை இருவரும் 1978இல் வெளியிட்டனர். அங்கே ஒவ்வொரு நரம்பணுவும் வெளியிலுள்ள ஒரு குறிப்பிட்ட திசைக்கு மட்டும் விழித்தெழுகிறது. சூழவுள்ள வெளி முழுவதற்கும் ஒலியாலான வரைபடம் ஒன்று அதன் தலைக்குள் விரிந்திருக்கிறது என்று சொல்லலாம்.

வயது முதிர்ந்தால் மனிதருக்குக் காது மந்தமாகும். கூகைக்கு அப்படியில்லை. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 23 வயதுக் கூகை ஒன்று இளையவற்றைப் போலவே கேட்டது. பறவைகளின் உட்செவியில் சிதைந்த அணுக்கள் மீண்டும் முளைக்கும், நமக்கு முளைப்பதில்லை.

தலை முற்றாகப் பின்னால் திரும்புவதைப் பேயின் செயலாகப் பலர் வருணிப்பதுண்டு. ஆந்தையின் கண் உருண்டையன்று, குழல் வடிவினது, குழிக்குள் அசையாது. மங்கிய ஒளியையும் மிகுதியாகத் திரட்டும் அக்கண்ணைத் திருப்ப முடியாததால் கழுத்தைத் திருப்புகிறது. நமக்குக் கழுத்தெலும்பு 7, அதற்கு 14. இரு புறமும் 270 பாகை வரை திருப்பவல்லது. அவ்வளவு முறுக்கினால் மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் நைந்துவிடாதா? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் இதனை ஆராய்ந்து 2013இல் விடை கூறினர்: குருதிக்குழாய் செல்லும் எலும்புத்துளை, குழாயைவிடப் பத்து மடங்கு அகலமாக இருப்பதால் முறுக்கும்போது அதற்கு இடம் கிடைக்கிறது.

வேட்டையின் இறுதிக் கணம் கண்ணுக்குப் பிடிபடாத விரைவில் நடப்பது. பெய்ன் அகச்சிவப்பு ஒளியில் படம் பிடித்து அதைக் கண்டார். கூகை தன் முகத்தை ஒலி வரும் இடத்திற்கு நேராக வைத்தபடியே பறக்கிறது. எலியை அடைவதற்குச் சற்று முன், முகம் இருந்த நேர்கோட்டிலேயே கால்களை முன்னே வீசித் தலையைப் பின்னிழுத்துக் கொள்கிறது. நகங்களை அகல விரித்துப் பாய்கிறது. விரல்களுள் வெளிவிரலைப் பின்னாலும் திருப்ப முடியுமாகையால் முன்னிரண்டும் பின்னிரண்டுமாக வலைபோல் விரிகின்றன. எலி ஓடும் திசைக்கேற்ப நகங்களின் விரிப்பையும் திருப்பி அமைக்கிறது.

வெண்ணிறத்திற்கும் வேட்டையில் பங்குண்டு. இருளில் மறைந்து வேட்டையாட வேண்டிய பறவை ஏன் வெண்மையாக இருக்கிறது என்ற ஐயம் எனக்கு நெடுநாள் இருந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ரூலானின் குழுவினர் 2019இல் ஒரு விடை தந்தனர். அங்குள்ள கூகைகளில் வெண்ணெஞ்சும் செந்நெஞ்சும் உண்டு. முழுநிலா நாட்களில் செந்நிறக் கூகைகளின் வேட்டை குறைந்தது, வெண்ணிறத்தவற்றிற்குக் குறையவில்லை. நிலவொளி பட்டு மின்னும் வெண்மையைக் கண்ட எலிகள் ஓடாமல் நெடுநேரம் உறைந்து நின்றன. பிறைக் கணக்கில் வாழும் நமக்கு இது சுவையான செய்தி. பதினான்காம் இரவில் வயல்மேல் வெள்ளையாக மிதந்து வரும் உருவத்தைக் கண்டு உறைந்து நின்ற மனிதர்களும் ஹாமா கதைக்குப் பின்னால் இருந்திருக்கலாம்.

இரவில் கேட்கும் அலறலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூகை கிறீச்சென்று கத்துவது துணையை அழைக்கவும் தன் எல்லையை அறிவிக்கவும். பொந்துக்குள்ளிருந்து குறட்டைபோல் விடாது எழும் சீறல் குஞ்சுகளுடையது, பசியின் குரல். தாய்ப்பறவை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒன்றாக முட்டையிட்டு, முதல் முட்டையிலேயே அடைகாக்கத் தொடங்குவதால் குஞ்சுகள் ஒரே அளவில் இருப்பதில்லை. மூத்தது பறக்க எத்தனிக்கும்போது கடைக்குட்டி பஞ்சுருண்டையாக இருக்கும். மூத்தவை எல்லாவற்றையும் பறித்துத் தின்னும் என்று எதிர்பார்ப்போம். ரூலான் கண்டது வேறு: பெற்றோர் வெளியே சென்றிருக்கும்போது குஞ்சுகள் தங்களுக்குள் குரல் கொடுக்கின்றன, அதிகப் பசியுள்ளது அதிகம் குரல் எழுப்ப, பசி குறைந்தவை அடங்கி அடுத்த எலியை அதற்கு விட்டுக்கொடுக்கின்றன. மூத்தவை இளையவற்றிற்கு இரையை ஊட்டுவதும் உண்டு.

எங்கள் மனாராவில் குஞ்சுகள் இருந்த ஓராண்டு, எச்சம் விழுகிறது, அபசகுனம் வேறு என்று சாளரத்தைக் கம்பிவலையால் அடைக்கப் பேச்சு எழுந்தது. எச்சத்தைப் பற்றிய முறையீடு நியாயமானது, படிக்கட்டெல்லாம் வெள்ளையாகிவிட்டிருந்தது. இரண்டாவது காரணத்திற்கு அந்த நபிமொழியையே நினைவூட்டினேன். குஞ்சுகள் பறக்க இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகும் என்று சொன்னதும் பெரியவர்கள் பொறுத்தார்கள். பிறகு வலை போடப்பட்டது, மாடத்திற்கும் படிக்கட்டுக்கும் இடையில் மட்டும். சாளரம் திறந்தே இருக்கிறது.

அந்தப் படிக்கட்டில் கிடைத்த உருண்டைகள் எங்கள் மாணவர்களுக்கு நல்ல பாடநூலாயின. கூகை எலியை முழுதாக விழுங்கும். செரிக்காத எலும்பும் மயிரும் கட்டைவிரல் பருமனுள்ள கரிய உருண்டையாக வாய்வழியே வெளிவரும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பிரித்தால் மண்டையோடுகள் சிதையாமல் கிடைக்கின்றன. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் எலி. ஊசிப்பற்கள் இடைவெளியின்றி வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. ஓர் உருண்டையில் மூன்று மண்டையோடுகள் இருந்ததைக் கண்ட உழவர் வீட்டு மாணவர் ஒருவர், ஓரிரவில் மூன்று எலியா என்று மறுபடி மறுபடி எண்ணிப் பார்த்தார். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் விலங்கியலார் 1990களில் காவிரிப் படுகைக் கூகைகளை இவ்வாறே ஆராய்ந்தனர். அவற்றின் உணவில் பெரும் பங்கு வயல் எலிகள் என்பது தெளிவாயிற்று.

நோக்க விரும்புவோர் சிலவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். எச்சத்தின் வெள்ளைக் கறையும் கரிய உருண்டைகளும் உள்ள இடத்தின் மேலே பொந்து இருக்கும். முப்பது அடியாவது தள்ளி, சுவரையோ மரத்தையோ ஒட்டி, அந்திக்கு முன்பே அமர்ந்துவிட வேண்டும். கைபேசியின் ஒளியைப் பாய்ச்சலாகாது. இருளுக்குப் பழகிய கண் கூசி, பறவை தடுமாறும். பொந்துக்குள் எட்டிப் பார்ப்பது முட்டைகளைக் கைவிடச் செய்யலாம். கீழே விழுந்து கிடக்கும் குஞ்சை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல், நாயும் பூனையும் அணுகாத உயரத்தில் வைப்பதே நன்று. காயம் இருந்தால் வனத்துறையினருக்குச் சொல்ல வேண்டும்.

இதனைப் பயன்படுத்திக்கொண்ட நாடுகள் உண்டு. யோர்தான் நதிப் பள்ளத்தாக்கில், எலி மருந்தால் பறவைகள் மடிவதைக் கண்ட இஸ்ரேலியக் கூட்டுப் பண்ணை ஒன்று 1980களில் கூகைகளுக்கு மரப்பெட்டிகள் அமைத்தது. 2002இல் ஆற்றின் மறுகரையில் யோர்தானிய உழவர்களும் அம்முயற்சியில் சேர்ந்தனர். ஓய்வுபெற்ற படைத்தளபதி மன்சூர் அபூ ராஷித் அதற்கு முன்னின்றார். அந்நிலத்து அரசியலின் கசப்பை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எலிக்கும் கூகைக்கும் எல்லைக்கோடு தெரியாது. அங்கே எதிர்ப்பட்ட பெருந்தடை, ஆந்தை தீச்சகுனம் என்ற உழவர்களின் அச்சம். ஹாமாவை மறுக்கும் நபிமொழியை மொழிபெயர்ப்பின்றியே விளங்கிக்கொள்ளக் கூடியவர்களிடமும் அது நிலவியதுதான் எனக்கு வியப்பு.

நம்மவர் பலர் உழைத்த மலேசியத் தோட்டங்களில் செம்பனைக் குலைகளை அழிக்கும் எலிகளுக்கு எதிராகக் கூகைப் பெட்டிகள் நெடுங்காலமாக உள்ளன. அங்கிருந்தே ஓர் எச்சரிக்கையும் வந்தது. புதிய தலைமுறை எலி மருந்துகளைப் பயன்படுத்திய தோட்டத்தில் கூகைகள் பெருமளவில் மறைந்துபோனதை 1984இல் வெளியான ஆய்வு காட்டிற்று. காரணம் எளிது. குருதி உறைவதைத் தடுக்கும் அந்நஞ்சு எலியை உடனே கொல்வதில்லை. எலி சில நாட்கள் தளர்ந்து, பகலிரவு தெரியாமல் வெட்டவெளியில் திரியும். தளர்ந்த எலிதான் முதலில் அகப்படும். அதன் உடலிலுள்ள நஞ்சு கூகைக்கும் குஞ்சுகளுக்கும் போய்ச் சேர்கிறது. நம் கடைகளில் விற்கும் புரோமடியலோன் இவ்வகையைச் சேர்ந்தது.

காவிரிப் படுகையில் உழவர்கள் நடவு முடிந்த வயலில் தென்னை மட்டைகளைத் தலைகீழாக நட்டு வைப்பதுண்டு. 'டி' எழுத்து வடிவில் குச்சிகளை நடுவோரும் உளர். இரவில் கூகை அதில் அமர்ந்து, கீழே வரப்பில் எலி நகரும் ஒலிக்குச் செவி சாய்த்திருக்கும். மஞ்சள் விளக்கின்றி, ஓசையின்றி, ஒரு வயலுக்குச் சிலவே போதும். கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் அவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பகலில் அதே மட்டைகளில் நெல் தின்னும் குருவிகள் வந்து அமரும்.